ரெங்கா-1 மரபணுவும் லால்குடி உமியும்

வள்ளிக்கண்ணு தினமும் லால்குடியிலிருந்து பஸ் பிடித்து, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஒரு கல்லூரியின் எலி வளர்ப்புக் கூடத்துக்கு வேலைக்குப் போகிறாள். பதினாலு வருஷமாகத் தினக்கூலி. வேலையை நிரந்தரமாக்கும் கடிதத்தில் பேராசிரியர் ரெங்கராஜ் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். அவருக்குத்தான் கை ஒழியவில்லை.

அவள் பார்த்துக்கொண்டவை வெள்ளைச் சுண்டெலிகள், சர்க்கரை நோய் பரம்பரையாக வரும் வம்சம். உடம்பைக் காக்க வேண்டிய அணுக்களே கணையத்தைத் தாக்கி அழித்துவிடும். பத்துப் பெண் எலிகளில் ஏழெட்டுக்கு ஆறேழு மாதத்துக்குள் சர்க்கரை வந்தாக வேண்டும் என்பது ஊருலகக் கணக்கு. ரெங்கராஜின் கூண்டுகளில் பத்தில் ஒன்றுக்கு வந்தாலே அதிகம்.

வேறு ஆளாயிருந்தால் முதலில் கூண்டைப் பார்த்திருப்பார். இவர், தன் எலிகளிடம் ஏதோ புது மரபணு முளைத்து நோயைத் தடுக்கிறது என்று முடிவுகட்டி, 'ரெங்கா-1' என்று பெயரும் சூட்டிவிட்டார். தான் ஸ்ரீரங்கத்துக்காரர் என்பதால் பெருமாள் பெயரை வைத்தாராம். பெருமாளிடம் கேட்டாரா என்று தெரியவில்லை. சால்வை வந்தது, பேப்பரில் போட்டோ வந்தது. போட்டோவில் எலி இருந்தது, அதற்குத் தீனி போட்டவள் இல்லை.

கூண்டில் பரப்புவதற்கு வள்ளிக்கண்ணுதான் தன் ஊர் ரைஸ் மில்லிலிருந்து உமி கொண்டுவருவாள். அந்த மில்லில் ஊர்ப்பட்ட எலிகள் குடும்பத்தோடு குடியிருந்தன.

"உமியில எலிப் புழுக்கை கெடக்கு சார். ஆவியில வேக வைக்கிற மெஷின் ஒண்ணு வாங்குங்க" என்று எத்தனையோ தடவை சொன்னாள்.

"எலிக்கு எலிப் புழுக்கை புதுசா?" என்று அவர் சிரித்தார்.

பிறகு ஒரு ஆய்வுக்குழு வந்து, மூக்கைப் பொத்திக்கொண்டே திட்டிவிட்டுப் போனது. ரெங்கராஜ் அலறியடித்து மெஷின் வாங்கினார். அதே வம்சத்துக் கருக்களைக் கிருமியில்லாத எலிகளின் வயிற்றில் வைத்துப் புதுத் தலைமுறையே பிறக்க வைத்தார். வெந்த உமி, வடிகட்டிய காற்று, ராஜபோகம்.

ஏழு மாதத்தில் பத்தில் எட்டுக்குச் சர்க்கரை வந்தது. 'ரெங்கா-1' பெருமாளோடு ஐக்கியமாகிவிட்டது.

"எலியை மாத்திட்டியா? உண்மையைச் சொல்லு. இல்லேன்னா நாளைலேருந்து வேலைக்கு வராதே" என்று ரெங்கராஜ் வள்ளிக்கண்ணுவிடம் பாய்ந்தார்.

வள்ளிக்கண்ணு கையிலிருந்த தீனிச் சட்டியைக் கீழே வைத்தாள். பதினாலு வருஷ உழைப்புக்குத் திருட்டுப் பட்டமா?

"எலிய நான் மாத்தலங்க சார். உமியத்தான் நீங்க மாத்துனீங்க. அழுக்குல இருந்தப்ப வரல, சுத்தம் பண்ணதும் வந்துடுச்சு. பாதிக் கூண்டுல பழைய உமியப் போட்டுப் பாருங்க, தெரிஞ்சிடும்."

கிருமியோடு பழகாத உடம்பு தன்னையே கடிக்கும் என்பது எப்போதோ அச்சில் வந்த சங்கதி. ரெங்கராஜும் படித்தவர்தான், சால்வைச் சூட்டில் மறந்திருந்தார். மரபணு போனால் போகட்டும், உமியையாவது தன் பெயரில் எழுதலாம் என்று இப்போது தோன்றிவிட்டது.

"அது எந்த மில்லு?"

இத்தனை வருஷத்தில் அவர் அதைக் கேட்டதே இல்லை. வள்ளிக்கண்ணு, மடிப்பு கிழிந்த அந்த நிரந்தர வேலைக் கடிதத்தைப் பையிலிருந்து எடுத்து மேஜையில் விரித்தாள். பேனா மூடியையும் கழற்றி நீட்டினாள்.

"நாளைக்கே மூட்டையோட வரேன் சார். புழுக்கையோட வேணுமா, புடைச்சுக் கொண்டாரவா?"

"புழுக்கையோடவே" என்றார் ரெங்கராஜ், கையெழுத்துப் போட்டபடி.