நாற்றுப் பாத்தியில் பத்துக் கிலோ உப்பு

லீக்ஸ் நாற்று வாடத் தொடங்கும்போது வெங்காயமும் ஈரச் சாக்கும் கலந்ததுபோல ஒரு மணம் எழும். அந்த மணத்தின் நடுவே, மலைக்கிராமத்துத் தோட்டமொன்றின் பாத்தி ஓரத்தில், ஒரு சனிக்கிழமைக் காலையில் நாங்கள் நான்கு பேர் நின்றிருந்தோம்: தோட்டத்துக்குச் சொந்தக்காரரான மாரிமுத்து மாமா, அவருடைய மனைவி காமாட்சி மாமி, என் வயதேயான அவர்களுடைய மகள் தேவி, அந்த வீட்டில் பத்து நாள் விருந்தாளியாகத் தங்க வந்திருந்த நான். எங்களைக் கூட்டிவந்த ஆசிரியர் அங்கே இல்லை. அவர் கீழே சந்திக்குப் பக்கத்தில் வேறொரு வீட்டில் தங்கியிருந்தார். என் வாப்பாவும் இல்லை. அவர் ஒரு பகல் முழுக்க பஸ்ஸில் போகவேண்டிய தூரத்தில், புத்தளத்து உப்பளத்தில் வெயிலுக்குள் நின்றுகொண்டு, மகன் மலைநாட்டில் நல்ல பிள்ளையாக நடந்துகொள்கிறான் என்று நம்பிக்கொண்டிருந்தார். மற்ற மூவரும் வாடிய நாற்றைப் பார்த்தார்கள். நான் என் கால்விரல்களைப் பார்த்தேன்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. கற்பிட்டிக்குப் போகிற வீதியில், உப்பளத்துக்கும் கடல்நீர்க் களப்புக்கும் இடையில்தான் எங்கள் வீடு. எங்கள் குடும்பத்தில் ஆறாம் வகுப்புக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். என் அண்ணன், நாங்கள் "நானா" என்று கூப்பிடுவோம், ஐந்தாம் வகுப்போடு வாப்பாவுக்குப் பின்னால் உப்பளத்துக்குப் போய்விட்டார். எங்கள் பாடசாலைக்கும் மலையகத்துப் பாடசாலை ஒன்றுக்கும் அந்த நாட்களில் ஓர் ஏற்பாடு இருந்தது. ஆகஸ்ட் விடுமுறையில் எங்களில் ஆறு பேர் அங்கே போய் ஆளுக்கொரு வீட்டில் தங்குவோம், டிசம்பரில் அவர்கள் கடலோரத்துக்கு வருவார்கள். வாப்பா இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் சம்மதக் கடிதத்தில் கையெழுத்தை வைத்துவிட்டு, "போ. ஆனா அங்கேந்து ஒரு முறைப்பாடு வந்திச்சோ, படிச்சது போதும். அடுத்த நாளே நானாவோட வந்து பலகையப் புடி" என்றார். பலகை என்றால், காய்ந்த உப்பை வாருகிற, நீளமான பிடி போட்ட பலகை. வாப்பா சொன்னால் சொன்னதுதான் என்பதை எங்கள் வீட்டில் எல்லோரும் அறிவோம்.

வெறுங்கையோடு போகக் கூடாதென்று உம்மா பத்துக் கிலோ கல்லுப்பை ஒரு சாக்கில் கட்டித் தந்தார். "எங்களுக்கிட்ட வேற என்ன மகன், குடுக்கிறதுக்கு?" என்றார்.

மாரிமுத்து மாமாவின் வீட்டில் அந்த உப்பை என்னவோ பொன்னைப் போல வாங்கிக்கொண்டார்கள். மாமி எனக்காகவே ஒரு புதுச் சட்டியும் புது அகப்பையும் வாங்கி வைத்திருந்தார். "நீங்க எதைத் தின்பீங்க, எதைத் தின்ன மாட்டீங்கன்னு எங்களுக்கு சரியாத் தெரியாது தம்பி. அதனால நீங்க இருக்குற வரைக்கும் வீட்டுல எல்லாருக்கும் மரக்கறிதான்" என்றார். ஆட்டிறைச்சிக்கு உயிரையே விடுகிற மாமா, அந்த அறிவிப்பைக் கேட்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. தொழுவதற்கு ஒரு மூலையைக் கழுவித் தந்தார்கள். எந்தப் பக்கம் மேற்கு என்று காட்ட மாமா வாசலுக்குப் போய், மேகத்துக்குள் மறைந்திருந்த சூரியனைக் கால் மணி நேரம் தேடினார். நான் குளிக்கப் பயந்து முகத்தை மட்டும் நனைத்துக்கொண்டு வருவதைத் தேவி கண்டுபிடித்துவிட்டாள். "கடல்ல நீந்துறவராம்! ஒரு வாளித் தண்ணியப் பாத்து ஓடுறாரு!"

அங்கே எனக்குக் குளிரைவிடப் பெரிய அதிசயம் அட்டைதான். தோட்டத்துக்கு மேலே காடு. ஈரமான புல்லிலிருந்து நூல்போல நெளிந்து வந்து, நமக்குத் தெரியாமலே காலில் ஏறி, கொழுத்த பிறகுதான் கண்ணில் படும். நாற்றுப் பாத்தியில் களை பிடுங்கப் போகுமுன் மாமி ஒரு டப்பாவைத் திறந்து, ஒரு சிட்டிகை உப்பெடுத்துச் சவர்க்காரத்தோடு குழைத்து எல்லோருடைய பாதத்திலும் பூசுவார். உப்புப் பட்டால் அட்டை சுருண்டு விழுந்துவிடும். அந்த ஒரு சிட்டிகையைப் பார்க்கப் பார்க்க எனக்கு மனம் கேட்கவில்லை. எங்கள் ஊரில் வீடு உயரத்துக்குக் குவிந்து கிடக்கிற சாமான், இங்கே டப்பாவுக்குள் கிடக்கிறதே! இவ்வளவு நல்ல மனிதர்கள் ஏன் இப்படிச் சிக்கனம் பிடிக்க வேண்டும்?

ஆகவே வியாழக்கிழமை காலையில், எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, சாக்கை முதுகில் சுமந்துகொண்டு போய், பத்துக் கிலோவையும் நாற்றுப் பாத்தியில் தூவினேன். ஓரத்தில் மட்டும் போட்டால் அட்டை நடுவால் வந்துவிடும் என்று நடுவிலும் தூவினேன். எங்கள் வீட்டு வளவில் ஒரு கீரைகூட முளைத்ததில்லை. அதற்குக் காரணம் வெயில் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பிறகு மழை தூறியது. உப்பு கரைந்து கண்ணுக்கு மறைந்தது. யாராவது "இன்னைக்கு அட்டையே இல்லியே" என்று சொல்வார்கள், அப்போது மெதுவாகச் சொல்லலாம் என்று காத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை நாற்றின் நுனி வெளுத்தது. சனிக்கிழமை காலையில் பாத்தி முழுக்கத் தரையோடு படுத்துவிட்டது. அடுத்த கிழமை பிடுங்கி நடவேண்டிய நாற்று. அந்தப் போகத்துக்கான அவ்வளவு லீக்ஸும் அதற்குள்தான் இருந்தது. புதன்கிழமை தான் அடித்த பூச்சிமருந்துதான் பழுது என்று மாமா முடிவு கட்டினார். "கலப்பட மருந்தக் குடுத்துட்டான். இன்னைக்கு அந்தக் கடைக்காரன உண்டு இல்லைன்னு ஆக்கிட்டுத்தான் மறுவேலை" என்று சட்டையை மாட்டினார்.

ஒரு கணம், அப்படியே போகட்டும் என்று தோன்றியது உண்மை. மாமா மூன்றாவது பொத்தானைப் போடும்போது என் வாய் தானாகத் திறந்துவிட்டது.

"மாமா, கடைக்குப் போகாதீங்க. மருந்தில பிழையில்ல. நான்தான் உப்புப் போட்டன்."

"எம்புட்டு?"

"எல்லாம்."

"பத்துக் கிலோவுமா?"

"ஓம்."

"எதுக்கு?"

"அட்டைக்கு."

மாமா வரப்பில் உட்கார்ந்தார். மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "நாத்துல ஊறுகா போட்டிருக்கான்ப்பா!" என்றாள் தேவி. யாரும் சிரிக்கவில்லை. நான் அழத் தொடங்கினேன். வாப்பாவிடம் மட்டும் சொல்லவேண்டாம், சொன்னால் என் படிப்பு நின்றுவிடும் என்று விக்கி விக்கிச் சொன்னேன்.

"சின்னப் புள்ள, தெரியாம செஞ்சதுங்க. யாரு சொல்லப்போறா?" என்றார் மாமி.

மாமா நெடுநேரம் மண்ணைக் கிளறிப் பார்த்தார். "நாத்துப் போனாப் போகுது, அக்கம்பக்கத்துல கேக்கலாம். மண்ணுல எறங்குன உப்ப எப்பிடி எடுக்குறதுன்னு எனக்குத் தெரியாதே தம்பி. அது ஒங்கப்பாவுக்குத்தான் தெரியும்" என்று கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டினார். "நீயே பேசு."

பேசினேன். உப்பளத்துக் காற்றுக்கு மேலாகக் கத்தி, நடந்ததைச் சொன்னேன். பிறகு வாப்பா, "மழ பேஞ்சிச்சா?" என்று கேட்டார். "ஓம் வாப்பா." "எத்தின தரம்?" "ரெண்டு." "மாமாக்கிட்டக் குடு" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் பின்னேரம் வாப்பாவும் நானாவும் இடுப்பில் சாரனும் மேலே மெல்லிய சட்டையுமாக, பற்கள் கிடுகிடுக்க மலையேறி வந்தார்கள். நானாவின் தோளில் உப்பு வாரும் பலகை. அதைப் பஸ்ஸுக்குள் நெட்டுக்கு வைத்ததற்கு நடத்துநர் அதற்கும் ஒரு டிக்கட் கேட்டாராம்! வாப்பா என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மாமாவுக்கு ஸலாம் சொல்லி, தேநீரைக்கூடக் குடிக்காமல் பாத்தியில் இறங்கி, ஒரு பிடி மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்தார். நாலு விரற்கடை மேல்மண்ணைப் பலகையால் ஒரே சீராக வழித்தெடுத்தார். நானும் நானாவும் அதைத் தூரத்தில் கொண்டுபோய்க் கொட்டினோம். திங்கட்கிழமை முழுக்க ஓடைத் தண்ணீரைப் பாத்திக்குள் திருப்பி, நிறைத்து, வடித்து, மறுபடி நிறைத்து வடித்தார். ஊரில் தண்ணீரைத் தேக்கி உப்பை எடுக்கிற மனிதர், அங்கே தண்ணீரை ஓடவிட்டு உப்பைத் துரத்திக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் மண்ணை நாக்கில் வைத்து, "கரிக்கிது. இன்னும் காணா" என்பார். மாலையில் தலையாட்டினார்.

அதற்குள் மாமி கூடையோடு வீடு வீடாகப் போய், கதையையும் சொல்லி, ஆளுக்கொரு பிடி நாற்று வாங்கி வந்துவிட்டார். நாற்றுக் கொடுத்தவர்கள் எல்லோரும், உப்புப் போட்ட தம்பி யார் என்று பார்க்கப் பின்னாலேயே வந்தார்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான் வாப்பாவின் கெண்டைக்காலில் பெருவிரல் பருமனில் ஓர் அட்டை தொங்குவதைத் தேவி கண்டாள். "உப்பு, உப்பு!" என்று கத்தினார் வாப்பா. மாமி டப்பாவைத் திறந்தால் அதில் ஒரு கல்லும் இல்லை. சாக்கு நிறைய வந்திருக்கிறதே என்று அந்தக் கிழமை கடையில் உப்பே வாங்கவில்லையாம். மாமாதான் முதலில் சிரித்தார். பிறகு நானா. கடைசியில் இரத்தம் வழிகிற காலோடு வாப்பாவும் சிரித்தார்.

செவ்வாய்க்கிழமை வாப்பா என்னையும் கூட்டிக்கொண்டு திரும்பினார். நாற்றுக்கு நீட்டிய காசை மாமா வாங்க மறுத்துவிட்டார். பஸ் மலையை விட்டிறங்கி, சந்தையில் வாங்கிய கம்பளித் தொப்பிக்குள் வாப்பாவுக்கு வியர்க்கத் தொடங்கிய பிறகுதான் என் பக்கம் திரும்பினார். "இனி உப்பளத்துப் பக்கம் வந்திடாத. ஒனக்கு உப்பப் பத்தி ஒன்டும் தெரியா. ஒன்ன அங்க வெச்சி நான் என்ன செய்ற? படிச்சித் தொல" என்றார்.

படித்தேன். போன வருடம் பட்டமும் வாங்கினேன். பாடசாலை அதிபர் மாற்றலாகிப் போனதோடு அந்த விடுமுறை ஏற்பாடு நின்றுவிட்டது. இப்போதைய பிள்ளைகளுக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியாது. பாத்தி இருந்த இடத்தில் ஒரு தங்குமிடத்தின் வாகனத் தரிப்பிடம் இருக்கிறது. மாமாவின் குடும்பம் கீழே பட்டணத்துக்குக் குடிபோய்விட்டது, தேவி அங்கேயே ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்கிறாள். வாப்பா வேலை செய்த உப்பளத்துத் துண்டும் கைமாறி, வேலி அடைத்துக் கிடக்கிறது. ஆனால் எங்கள் வீதியில் பிள்ளைகளைப் படிப்பிக்கிற தாய்மார் உம்மாவிடம் வந்து, டியூஷன் செலவுக்குப் பயந்த முகத்தோடு, ஒரு பிள்ளையைப் படிப்பித்து ஆளாக்க எவ்வளவு காசு முடியும் என்று கேட்பதுண்டு. அந்த மலைப் பயணத்தால் இழந்த மூன்று நாள் இரண்டு பேருடைய கூலி, போக வர பஸ் காசு, தொப்பியின் விலை எல்லாவற்றையும் அன்றைக்கே விரல் விட்டுக் கூட்டி மனதில் வைத்திருக்கிற உம்மா, கொஞ்சமும் யோசிக்காமல் சொல்வார்:

"ஐயாயிரத்தித் தொள்ளாயிரத்தி அம்பது ரூவா."