ஒரே ஒரு ‘அண்ணே’

எண்பதுகளின் கடைசியில், திருச்சுழி ரோட்டில் பத்துக் கட்டில் போட்ட ஒரு ஆஸ்பத்திரியில் நான் நோயாளிகளுக்குப் பேர் பதிந்து சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அந்த நினைப்பு சட்டைப்பையில் செருகிய பேனா மாதிரி எப்போதும் வெளியே தெரிந்துகொண்டிருந்தது.

அங்கே ஒரு நர்ஸ் இருந்தார். மல்லாங்கிணறுப் பக்கத்து வேதக்கார, அதாவது கிறிஸ்தவக் குடும்பம். என்னைவிட ஒரு வயது இளையவர். சத்தம் போட்டுக்கொண்டு வருகிற ஆண்கள் எல்லோரும் அவருக்கு ‘அண்ணே’தான்; குடித்துவிட்டு வந்தவர்கூட. என்னை மட்டும் ‘சார்’ என்பார். எங்கள் ஊரில் கட்டிக்கொள்ள முடியாதவனைத்தான் ஒரு பெண் அண்ணன் என்பாள். அந்தச் சொல்லை அவர் என்னிடம் சொல்லாததை வைத்தே இரண்டு வருஷம் ஓட்டினேன். வாய்விட்டுக் கேட்கத் தைரியம் இல்லை.

அந்த ஐப்பசி மழைக்குப் பிறகு வாந்திபேதி பரவியது. கட்டிலெல்லாம் நிறைந்து, வராந்தாவில் பாய் போட்டிருந்தோம். டாக்டரம்மா மருந்து கேட்டு அருப்புக்கோட்டை போயிருந்தார். மத்தியானம் ஒருவர் மனைவியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். பந்தல்குடிப் பக்கம் வேலிக்கருவையை வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர். முழங்கை வரை கறுப்பு. அந்த அம்மாளுக்குக் கண் சொருகியிருந்தது. பெஞ்சில் கிடத்திவிட்டு நேரே என் மேஜைக்கு வந்தார்.

“டாக்டர எங்க? கூப்புடு.”

மரியாதையாகப் பேசுவதாக நினைத்து, கல்லூரியில் கேட்டுப் பழகியதைச் சொன்னேன்: “மிஸ்டர், கொஞ்சம் லைன்ல நில்லுங்க.”

எங்கள் பக்கம் கைகலப்புக்கு முந்தி வருகிற சொல் அது. எனக்குத் தெரியாததில்லை. படித்ததில் மறந்துபோயிருந்தது.

“ஏலே, யாருலே மிஸ்டரு? நாலெழுத்துப் படிச்சுட்டா நாங்க மிஸ்டரா? எம் பொண்டாட்டி செத்துக்கிட்டிருக்கா, இவரு லைனு போடுறாரு.” மேஜைக்கு மேலாக என் சட்டையைப் பிடித்து இழுத்தார். வரிசையில் நின்ற இரண்டு இளவட்டங்கள் கைலியை மடித்துக் கட்டினார்கள்.

நர்ஸ் வந்தார். அந்த இரண்டு பேரையும் கையால் அமர்த்தினார். அந்த ஆளுக்கு எதிரே போகவில்லை. பக்கவாட்டில், அவர் தோளோரம் நின்று, அவர் மனைவியைப் பார்த்தபடியே தணிந்த குரலில் ஏதோ கேட்டார்.

“என்னது?” என்றார் அவர்.

“காலையில இருந்து எத்தன தடவண்ணே போனாக?”

காதில் விழ வேண்டுமானால் அவர் கத்துவதை நிறுத்தியாக வேண்டும். நிறுத்தினார். “எண்ணலம்மா. விடியுறதுக்கு முன்ன இருந்து போறா.”

“சரிண்ணே. உடனே தண்ணி ஏத்தணும். பாட்டில் மாட்ட ஸ்டாண்டு இல்ல. இன்னிக்கு நீங்கதான் ஸ்டாண்டு.”

என் சட்டை அப்போதும் அவர் பிடியில் இருந்தது. “ரெண்டு கையாலயும் உசரப் பிடிக்கணும்ணே. கை எறங்குனா ரத்தம் டியூபுல ஏறி வந்துரும்.”

சட்டையை விட்டார். ஊசி ஏறியதும் குளுக்கோஸ் பாட்டிலைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். கால் மணி நேரம் அசையவில்லை.

“சொட்டு விழுகுதாம்மா?”

“விழுகுதுண்ணே. நீங்க ஏசாம இருந்தா இன்னும் நல்லா விழும்.”

வரிசையே சிரித்தது. அவரும் பாதி சிரித்தார். பாட்டில் மாற்றி மாற்றி ஏற்றி, பொழுது சாய்வதற்குள் அவர் மனைவி கண் திறந்து, “எதுக்குய்யா கையத் தூக்கிக்கிட்டு நிக்கிற?” என்று கேட்டாள். அவர் பாட்டிலோடு நின்று அழுதார்.

எனக்குக் கோபம் அதற்குப் பிறகுதான் வந்தது. வெள்ளைச் சட்டையில் ஐந்து விரலும் கரியாகப் பதிந்திருந்தன. மருந்து அறைக்குப் போய் நர்ஸிடம் கத்தினேன். போலீசில் எழுதிக் கொடுக்கப் போவதாகச் சொன்னேன். “சட்டையப் பிடிச்சவன் ஒங்களுக்கு அண்ணனா?” என்று மேஜையில் ஓங்கி அடித்தேன். அலமாரியில் சீசாக்கள் ஆடின.

அவர் எதிரே வரவில்லை. என் தோளோரம் வந்து நின்றார். குரல் தணிந்திருந்தது.

“அண்ணே, உக்காருங்க.”

உட்கார்ந்தேன். கோபம் போன இடம் தெரியவில்லை. அதோடு சேர்ந்து இன்னொன்றும் போனது. அதை அவரிடம் சொல்ல முடியாது.

ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். “அவுக பொண்டாட்டி போயிருவான்னு பயந்தாக. பயந்தவுகளப் புடிச்சுக் குடுத்து நமக்கு என்ன ஆகப்போகுது?” என்றார். நான் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை.

மறுநாள் காலை, “சார், வார்டுக்கு இன்னும் பத்து சீட்டு வேணும்” என்று வழக்கம்போல் வந்து நின்றார். அதற்குப் பிறகு ஒருநாளும் என்னை அண்ணே என்று கூப்பிடவில்லை. என்னை அமர்த்தத்தான் அப்படிச் சொன்னாரா, இல்லை, நான் கேட்காத கேள்விக்குப் பதிலா? ராத்தங்கல் டூட்டியிலும் சாப்பாட்டு நேரத்திலும் அதையே புரட்டிக்கொண்டிருந்தேன். அவர் நடந்து போகும்போது செருப்புச் சத்தத்தில்கூடப் பதில் தேடினேன்.

அடுத்த வருஷம் அவருக்கு வீரசோழன் பக்கம் வேலை கிடைத்தது. அவருடைய தகரப் பெட்டியை நான்தான் பஸ் நிறுத்தத்துக்குத் தூக்கிப் போனேன். வழி நெடுக அந்தக் கேள்வியை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். பஸ் வந்தது.

“உக்கார எடம் இருக்கா?” என்று கேட்டேன்.

“இருக்கு சார். வாரேன்.”

பத்து வருஷம் ஆகப்போகிறது. அவர் பொய் சொல்கிறவர் இல்லை. கேட்டிருந்தால் உள்ளதைத்தான் சொல்லியிருப்பார். அதற்குப் பயந்துதான் கேட்காமல் விட்டேன்.