மருந்து போட்ட பெட்டி

துறைமுகத்தை ஒட்டிய கண்டெய்னர் யார்டு ஒன்றில் மேற்பார்வையாளனாக இருந்தேன். கப்பலில் வரும் பெட்டிகளைத் திறந்து சரக்கை லாரியில் ஏற்றி அனுப்புவது எங்கள் வேலை. முந்திரிக்கொட்டை வரும் பெட்டிக்குள் பூச்சி பிடிக்காமலிருக்கத் துணிப்பைகளில் மருந்து வைத்து மூடியிருப்பார்கள். அதிலிருந்து கிளம்பும், பூண்டு வாடையுள்ள விஷவாயு மூட்டைகளுக்கு நடுவே தங்கிவிடும். கதவைத் திறந்துபோட்டு, வெகுநேரம் காற்றாட விட்டு, மீட்டரில் சோதித்த பிறகுதான் ஆளை உள்ளே அனுப்பவேண்டும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதே நான்தான்.

அன்று மீட்டர் இல்லை. பழுதுபார்க்கச் சென்னைக்குப் போனது திரும்பி வரவில்லை. மூன்று வாரமாக அது இல்லாமலே பெட்டிகளைத் திறந்துகொண்டிருந்தோம். படிவத்தில் "வாயு சோதிக்கப்பட்டது" என்ற கட்டத்தில் மூன்று வாரமாக நான் டிக் போட்டுக்கொண்டிருந்தேன்.

சுமைக்காரர்களின் மேஸ்திரி ஓட்டப்பிடாரம் பக்கத்துக்காரர். ஐம்பதைத் தாண்டியவர். எந்தப் பெட்டியானாலும் முதலில் அவர்தான் ஏறுவார். கதவின் முத்திரையை உடைத்ததும் முகத்தைச் சுளித்தார்.

"பூண்டு வாடை அடிக்கி, தம்பி."

"கொஞ்ச நேரம் காத்தாட விடுங்க, அண்ணாச்சி."

"லாரிக்காரன் சத்தம் போடுதான். இப்படி எத்தன பெட்டி பாத்தாச்சு. ஒண்ணும் செய்யாது."

ஏற வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வெயில் கொளுத்தியது, அலுவலகத்துக்குள் போய்விட்டேன்.

முக்கால் மணி நேரத்தில் கூப்பிட்டார்கள். லாரி நிழலில் அவர் படுத்திருந்தார். இரண்டு தடவை வாந்தி எடுத்திருந்தார். நெஞ்சை என்னவோ பிடிக்கிறது என்றார். மற்றவர்கள் வெயில்தான் என்று சோடா வாங்கிக் கொடுத்தார்கள். நான் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். மூட்டைகளுக்கு இடையில் சாம்பல் நிறப் பொடி நிறைந்த சிறு துணிப்பைகள் கிடந்தன. எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, அவரை ஆட்டோவில் ஏற்றினேன்.

பாதி வழியில் மேலாளரின் போன். "வெயில்னு மட்டும் சொல்லுங்க. மத்தத நான் பாத்துக்கிடுதேன்."

அவசரப் பிரிவில் இளம் டாக்டர் ஒருத்தி கேட்டாள்: "என்ன ஆச்சு?"

"வெயில்ல வேலை பாத்தாரு."

குளுக்கோஸ் ஏற்றினார்கள். அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியிருந்தது. என்னையே பார்த்தார். அரை மணி நேரம் அப்படி நின்றேன். பிறகு டாக்டரைத் தேடிப் போய், மருந்து போட்ட பெட்டி என்று சொன்னேன். அவள் முகம் மாறியது. "இத ஏன் முதல்லயே சொல்லல?" என்று கத்திக்கொண்டே ஓடினாள்.

மறுநாள் மதியம் நுரையீரலில் நீர் கோத்து இறந்துபோனார். இந்த விஷத்துக்கு மாற்று மருந்து இல்லை, ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தாலும் உறுதியில்லை என்றாள் அதே டாக்டர். எனக்காகச் சொன்னாளா, உண்மையா, இன்றுவரை தெரியாது.

விசாரணையில் மூன்று வார டிக்குகளையும் ஒப்புக்கொண்டேன். மேலாளரின் போனைப் பற்றியும் சொன்னேன். வேலை போயிற்று. அதைப் பெரிய தண்டனையாக நான் நினைக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பின் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி நாற்காலி எடுத்துப் போட்டார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"அவிய உள்ள ஏறும்போது நீங்க எங்க நின்னிய?"

"ஆபீஸ்ல இருந்தேன். ஏசி ரூம்ல."

அவர் என்னைத் திட்டவில்லை. உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்தார். ஆஸ்பத்திரியில் கழற்றிக் கொடுத்த சட்டையும் கைலியும்.

"இத இன்னும் தண்ணியில நனைக்கல. பேரப்பிள்ளை வீட்ல ஓடியாடுது. துவைச்சா, தொட்டா, ஏதும் செய்யுமா?"

எனக்குத் தெரியவில்லை. அத்தனை வருஷ வேலையில் ஒரு நாளும் நான் அதைக் கேட்டு வைத்துக்கொண்டதில்லை. பையை வாங்கி இறுக முடிச்சுப் போட்டு, பிள்ளைக்கு எட்டாதபடி வெளியே வேலியோரம் கொண்டுபோய் வைத்தேன். பிறகு அந்த டாக்டருக்குப் போன் செய்தேன்.