டயல் டோன் இல்லை

இது கதையல்ல. நம்பாதவர்கள் ஹட்டனுக்குப் போய், கம்ப்யூட்டர் திருத்துகிற றிஷாதைக் கேட்கலாம். பேச்சை மாற்றப் பார்ப்பான். விடாமல் கேட்டால் எழுந்து போய்விடுவான்.

2002 ஜூலை, ஒரு செவ்வாய்க்கிழமை. பிற்பகல் 2.35க்கு எஸ்டேட் பள்ளிக்கூட டீச்சர் ஊர்மிளாவின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தான். டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர், அந்தப் பழைய குவாட்டர்ஸில் தனியாக இருந்தார். வெளிநாட்டில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. வருகிறேன் என்று, இடம் கொடுத்த கொழும்பு அலுவலகத்துக்கு நாலு மணிக்குள் ஈமெயில் போகவேண்டும். தபால் தாமதமாகி, கடிதம் அன்றுதான் கைக்கு வந்திருந்தது. லேப்டாப்பில் இன்டர்நெட் வரவில்லை என்று றிஷாதுக்கு ஆள் அனுப்பியிருந்தார். றிஷாத் வந்த பஸ் திரும்பிப் போய்விட்டது. அடுத்ததைப் பிடித்தால் ஹட்டன் போக ஐந்தாகிவிடும்.

லேப்டாப் படுகிழம். போன் லைன் வழியாக இன்டர்நெட் எடுக்கிற மோடத்தின் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் ஆச்சரியக்குறி. கொண்டுபோன சீடியில் இருந்த டிரைவர் புரோகிராம்களை ஒவ்வொன்றாகப் போட்டான். மூன்றாவதுதான் ஒத்துக்கொண்டது. போனைக் கழற்றி அந்த வயரை மோடத்தில் மாட்டினான். 3.20.

‘டயல் டோன் இல்லை’ என்றது திரை. மலையில் இது புதிதல்ல. லைனில் வரும் டோன் பாதி மோடங்களுக்கு விளங்காது. டோனுக்குக் காத்திருக்காதே என்று செட்டிங்கை மாற்றிவிட்டால் போதும். எப்போதும் செய்வதுதான். அன்று மட்டும் போனை மறுபடி மாட்டி ஒரு தடவை காதில் வைத்துப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. எல்லாம் அவசரம்.

3.41. மோடம் டயல் செய்தது. டிக்... டிக்... டிக்...

ஸ்பீக்கரில் வழக்கமான கீச்சொலி வரவில்லை. மூச்சு வந்தது.

“டீச்சர், உள்ள யாரோ போனத் தூக்குறாங்க. வைக்கச் சொல்லுங்க.”

“வீட்டில நான் மட்டும்தான் இருக்கிறன். வேற போனும் இல்லை.”

அவன் நம்பவில்லை. உள்ளறையை எட்டிப் பார்த்தான். ஒரு கட்டில், ஒரு சூட்கேஸ். டீச்சர் ஏன் பொய் சொல்கிறார்? யாரை மறைக்கிறார்?

திரும்பி வந்தான். 3.52. லைன் கிடைத்திருந்தது.

டீச்சர் மூன்று வரி தட்டினார். பக்கத்தில் நின்று வாசித்தான். வருகிறேன் என்றுதான் இருந்தது.

3.56. மெயில் போய்விட்டது என்றது திரை.

மூச்சு நிற்கவில்லை...

வயரைப் பிடுங்கினான்.

அப்போதும் நிற்கவில்லை...

மறுநாள் டெலிபோன் லைன் பார்க்க வந்த அழகுமுத்து, கம்பி ஞாயிற்றுக்கிழமையே அறுந்துவிட்டது என்றார். மரம் விழுந்து, மூன்று நாளாகத் தேயிலைக்குள் கிடந்ததாம்.

அடுத்த வாரம் டீச்சர் றிஷாதின் கடைக்கு வந்தார். இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். றிஷாத்தான் ஏதோ செய்துவிட்டான் என்று முடிவே கட்டியிருந்தார். இன்றுவரை அந்தச் சந்தேகம் தீரவில்லை.

தங்களுக்கு 3.56க்குக் கிடைத்த மெயிலை அலுவலகத்தார் அச்செடுத்து அனுப்பியிருந்தார்கள். டீச்சரின் விலாசம். டீச்சரின் பெயர். உள்ளே இருந்தது இவ்வளவுதான்:

“நான் வரவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் இந்த வீடே போதும்.”