குளிர் இறங்கும் வழி

குளிர்பதனப் பெட்டி பழுதுபார்க்கும் கடையில் தொலைபேசியை எடுப்பவள், பெட்டியைக் காணாமலே அதன் நோயைக் கேட்டறிய வேண்டியவள். எண்பதுகளின் இறுதியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்தப் பணி எனக்கு வாய்த்தது. புலவர் படிப்பை முடித்துவிட்டுப் பள்ளி வேலைக்குக் காத்திருந்தேன். ஆகவே எல்லோருக்கும் நான் புலவரம்மா. மெக்கானிக் ஒருவர்தான்: சங்கரன் அண்ணன். அவர் பேருந்தேறி ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்க, காத்திருப்போரிடம் "அதற்குள் நீங்களே இதைச் செய்து பாருங்கள்" என்று சொல்வது என் கடமை.

பால் திரிந்த காலையில் பிரிட்ஜின் முன் கையைப் பிசைந்துகொண்டு நீங்களும் நின்றிருப்பீர்கள். ஆயினும் சிலவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். அக்காலத்து ஒற்றைக் கதவுப் பெட்டியில் குளிர் பிறப்பது மேலேயுள்ள ஐஸ் அறையில். கம்பித் தட்டுகளின் இடைவெளி வழியாக அது கீழே இறங்கும். உள்ளிருந்து எடுத்த வெப்பத்தை, முதுகிலுள்ள கருங்கம்பிகள் வெளியே விடும். உள்ளேயிருக்கும் திருகில் எண் ஏற ஏறக் குளிர் கூடும். இவ்வளவு தெரிந்தால் போதும்.

ஏழாம் எண்

பால்கோவாக் கடைக்காரர் ஒருவர், வீட்டில் தயிர் கல்லாகிவிட்டது என்றார். திருகு எந்த எண்ணில் நிற்கிறது என்று கேட்டேன். வெயில் காலமாயிற்றே என்று ஏழில் நிறுத்தியிருந்தாராம். மூன்றுக்குக் குறைத்துவிட்டு, மறுநாள் வரை தொடாமல் இருக்கச் சொன்னேன்.

சொன்னபடியே பொறுத்திருந்து, மறுநாள் அவரே அழைத்தார். காரணத்தையும் தம் தொழிலிலிருந்தே கண்டுபிடித்திருந்தார். "அடுப்ப அளவுக்கு மேல எரிய விட்டா பால்கோவா அடிபிடிக்கும்லா? அதே கததான் புலவரம்மா. என் தயிரு குளிர்ல அடிபிடிச்சிருக்கு!"

முதுகில் பஞ்சு

இராஜபாளையத்திலிருந்து லட்சுமி அழைத்தார். கணவர் நூற்பு மில் தொழிலாளி. மோட்டார் ஓயாமல் ஓடுகிறது, தண்ணீர்கூடக் குளிரவில்லை என்றார். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெட்டியை முன்னால் இழுத்து, அதன் முதுகைப் பார்க்கச் சொன்னேன். "ஆத்தாடி, தலகாணியே தைக்கலாம் போலிருக்கே!" என்ற குரல் கேட்டது. மில்லிலிருந்து உடையோடு வந்த பஞ்சு கம்பிகளை மூடியிருந்தது. மழைக்காலமாதலால் அதன்மேல் ஈரப் பனியன்களும் காய்ந்துகொண்டிருந்தன.

லட்சுமி தென்னந்துடைப்பத்தை ஒதுக்கிவிட்டு, கம்பிக்கு நோகாதபடி பெயிண்டுப் பிரஷால் ஒவ்வொரு வளைவையும் துடைத்தார். பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தார். சாயங்காலமே தண்ணீர் சில்லென்றது. "பிரிட்ஜு சரியாப் போச்சு புலவரம்மா. இப்ப பனியன்தான் காயல, அதுக்கும் ஒரு வழி சொல்லிருங்க."

மிஞ்சிய புட்டி

ரஹ்மத் அக்காவின் குடும்பம் இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணிப் பட்டறை நடத்தியது. மகள் ராபியா பள்ளி மாணவி. நாள்தோறும் இன்சுலின் போட்டாக வேண்டியவள். ஐஸ் அறைக்கு நேர் கீழே வைத்திருந்த புட்டி உறைந்துவிட்டது. உறைந்தது உதவாது என்று டாக்டர் கொட்டச் சொல்லிவிட்டார். மிஞ்சியது ஒன்று. அடுத்தது மதுரையிலிருந்து வர வேண்டும். மேல்தட்டில் வைத்தால் உறையும். கீழ்த்தட்டிலோ பாலே திரிகிறது.

சங்கரன் அண்ணன் வத்திராயிருப்பில் இருந்தார். திருகைக் குறைக்கச் சொன்னேன். கீழ்த்தட்டு இன்னும் சூடானது. முதுகைப் பார்க்கச் சொன்னேன், பஞ்சே இல்லை. என் கைவசமிருந்த வைத்தியம் அத்துடன் தீர்ந்தது. ரஹ்மத் அக்காவின் குரலோ கலங்கவில்லை. "டாக்டரு சொன்னாப்புல, மண்பானைத் தண்ணில கிண்ணத்த மிதக்க விட்டு அதுல மருந்த வச்சிருக்கேன். ரொம்ப நாளு அது தாங்காதுலா? குளிரு எப்படி வருதுன்னு மட்டும் இன்னொருக்கா சொல்லுங்க. மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்."

தட்டுக்கு ஒரு தம்ளர்

குளிர் மேலே பிறந்து தட்டுகளின் இடைவெளி வழியாக இறங்குவதை மறுபடி சொன்னேன். கேட்டுக்கொண்ட ரஹ்மத் அக்கா ஒவ்வொரு தட்டிலும் ஒரு தம்ளர் தண்ணீர் வைத்தார். விடிந்ததும் பார்த்தால், மேல் தம்ளரில் ஐஸ் ஆடை. அதற்கு அடுத்ததிலேயே கிணற்றில் இறைத்ததுபோல் குளிராத தண்ணீர். ஒரே ஒரு தட்டுக்கு இவ்வளவு வேறுபாடு எப்படி வரும் என்று தட்டையே உற்றுப் பார்த்திருக்கிறார். புதுக் கம்பியில் கறை படக் கூடாதென்று, பட்டறைத் துணியை நாலாக மடித்து, எல்லாத் தட்டிலும் விளிம்புவரை விரித்திருந்தார். பேண்டேஜ் துணிக்குப் பஞ்சமில்லாத அந்த ஊரில் பல வீட்டு வழக்கம் அது. தொலைபேசியில் அவர் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. "குளிரு எறங்குற வழியில மெத்தைய விரிச்சு, நானே அதத் தூங்க வச்சிருக்கேன்!"

சங்கரன் அண்ணனின் வருகை

துணிகளை எடுத்தபின்னும் ரஹ்மத் அக்கா அவசரப்படவில்லை. திருகை நடுவில் நிறுத்தி, மறுபடியும் தம்ளர்களை வைத்து, எதிலும் ஐஸ் கட்டவில்லை, நடுத்தட்டுத் தண்ணீர் பல் கூசுகிறது என்று கண்டபிறகே அங்கே மருந்தை வைத்தார். சங்கரன் அண்ணன் வந்து தம் வெப்பமானியை அதே தட்டில் வைத்துப் பார்த்தார். மருந்துக்கு வேண்டிய குளிர் அப்படியே இருந்தது. இத்தனை ஒழுங்காகச் சோதித்தவரை நான் படித்த இடத்திலும் கண்டதில்லை.

"எனக்கு ஒரு வேலையும் வைக்கலையே தாயி! காப்பி குடிக்கவா பஸ் ஏறி வந்தேன்?" என்று அவர் பையை மூடினார். ரஹ்மத் அக்கா சொன்னார்: "ஆமாண்ணே, குடிச்சிட்டே போங்க. இன்னைக்குப் பாலு திரியல."

பின்னர் உறுதியானவை இவை. அந்தப் புட்டி, மதுரை மருந்து வந்து சேரும்வரை கெடாமல் இருந்தது. ராபியாவுக்கு ஒரு வேளை ஊசியும் தவறவில்லை. அந்தத் தெருவில் பிரிட்ஜ்களின் தட்டுகளிலிருந்து துணி மறைந்தது. பால்கோவாக்காரரின் திருகு மூன்றைத் தாண்டவில்லை. லட்சுமியின் பனியன்கள் அடுக்களைக் கொடிக்குக் குடிபெயர்ந்தன.

ஊரார் பெட்டிகள் அவரவர் கையாலேயே குணமடைந்துவிட, சங்கரன் அண்ணனையே நம்பியிருந்த எங்கள் கடைப் பிரிட்ஜ் மட்டும் நான் வேலையை விடும்வரை குளிரவேயில்லை.