இருபத்திரண்டாம் அத்தியாயம்

எழுபதுகளின் நடுவில் தூத்துக்குடியில் ஒரு நாளிதழின் கிளை அலுவலகத்தில் நிருபராக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில், துறைமுகத்தில் எழுத்தராக இருந்த ஓர் அண்ணாச்சி வீட்டில் ஏழெட்டுப் பேர் கூடி நாவல் படிப்போம். ஒரே பிரதிதான், பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் உரக்க வாசிப்பார். வார இதழ்த் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து அண்ணாச்சியே தைத்து வைத்த புத்தகங்கள் அவை.

அந்த முறை எடுத்தது கணவனை இழந்த ஓர் இளம்பெண்ணின் கதை. இருபத்தோராம் அத்தியாயத்தின் முடிவில் அவள் கைக்குழந்தையோடு பஸ் நிலையத்தில் நிற்கிறாள். டீச்சர் பக்கத்தைத் திருப்பினார். இருபத்துமூன்று. அவள் வெள்ளை உடுப்பில் நர்ஸாக இருக்கிறாள். பையன் பள்ளிக்கூடம் போகிறான்.

“இருபத்திரண்டு எங்க?” என்று கேட்டார்.

அண்ணாச்சி அடுக்களைப் பக்கம் பார்த்தார். “அதுல இவ கருவாடு பொதிஞ்சு தங்கச்சிக்குக் குடுத்துவிட்டா.”

“கடுதாசின்னா பொதியத்தான்” என்று உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. அவருக்குப் படிக்கத் தெரியாது. எங்களுக்குக் காப்பி போடுவதோடு சரி.

“பரவாயில்ல, கதை புரியுதுல்லா” என்று டீச்சர் தொடரப் பார்த்தார். சுவரோரம் உட்கார்ந்திருந்த பெண் குறுக்கிட்டாள்.

“பிள்ளைய யாரு பாத்துக்கிட்டா?”

அவளுக்கு இருபத்துமூன்று வயது. கொழும்புக்குத் தோணியில் போன கணவன் திரும்பவில்லை. மடியில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை. டெலிபோன் ஆபீசில் வேலைக்கு எடுத்திருந்தார்கள். முதலில் மதுரையில் மூன்று மாதப் பயிற்சி. குழந்தையோடு தங்க முடியாது. அவளுக்குத் தாய் இல்லை. வேலைக்குப் போனால் பிள்ளையைத் தொட மாட்டேன் என்று மாமியார் சொல்லிவிட்டார். இன்னும் பதினைந்து நாளில் போய்ச் சேர வேண்டும். இவ்வளவும் எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

“படிக்கா, பரீட்ச எழுதுதா, வேலைக்குப் போறா. சரி. அப்பம் பிள்ள எங்கன இருந்துச்சு?”

“அது இருபத்திரண்டுல இருக்கும்” என்றேன்.

“பாத்துச் சொல்லுங்கண்ணே. பத்திரிகை ஆபீஸ்லதான இருக்கீய.”

அந்த வாரம் திருநெல்வேலிக்கு வேலையாகப் போனேன். அங்கே நூலகத்தில் அந்தப் பழைய இதழ் இருந்தது. நான்கு பக்க அத்தியாயம். முதல் ஒன்றரைப் பக்கம் மழை பெய்கிறது. கதாநாயகி அழுகிறாள், பிறகு உறுதி கொள்கிறாள். குழந்தை அவள் தோளில் தூங்குகிறது. கடைசி வரியில் ஐந்து ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன.

அடுத்த ஞாயிறு அதை அப்படியே சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள்.

“அஞ்சு வருசமும் தோள்லயே தூங்கிச்சாக்கும்!”

நாங்களும் சிரித்தோம். அவள் முந்தானையால் குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“மூணே மாசம். யாராவது எம்பிள்ளைய வச்சுக்கிடுவீயளா?”

போன வாரம் கதாநாயகிக்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்ட டீச்சர், புத்தகத்தின் ஓரத்தை மடித்து மடித்து நிமிர்த்தினார். அண்ணாச்சி விசிறியைத் தேடினார். நான் பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

அண்ணாச்சியின் மனைவி காப்பித் தட்டோடு வந்தார். “என்ன, எல்லாருக்கும் வாயடைச்சுப் போச்சா?” தட்டைக் கீழே வைத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். “இங்கன கெடக்கட்டும். நீ போயிட்டு வாளா.”

“ஒனக்கு மூட்டு வலில்லா” என்றார் அண்ணாச்சி.

“வாரா வாரம் கதைக்கு அழுதீயல்லா? மூணு மாசம் தொட்டில ஆட்டுங்க.”

மறுவாரம் அவள் மதுரைக்கு ரயிலேறினாள்.

அடுத்த ஆண்டு, துறைமுகச் செய்தி ஒன்றைத் தலைமை அலுவலகத்துக்குச் சொல்ல டெலிபோன் ஆபீசில் டிரங்க் கால் பதிவு செய்தேன். “நம்பர் சொல்லுங்க” என்றது ஒரு குரல். தெரிந்த குரல். நம்பரைச் சொல்லிவிட்டு, பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

“கருவாடு இல்லாம சோறு எறங்கல, அண்ணே. இருங்க, லைன் தாரேன்.”