அனுமதி தராத துரைசிங்கம்

வலைத்தளம் கேட்கிறது; துரைசிங்கம் மறுக்கிறார். காலை ஒன்பது மணிக்குத் தொடங்கும் இந்த அலுவல் பத்தேகால் வரை நடக்கும். திரையின் மூலையில் ஒரு சின்னப் பெட்டி எட்டிப் பார்த்து, உங்கள் கணினியின் மைக்கைப் பயன்படுத்தலாமா என்று பணிவாக விசாரிக்கும். அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ஏற்கெனவே பல முறை வாசித்த அந்த ஒற்றை வரியை மறுபடி முழுதாக வாசிப்பார். தொண்டையைச் செருமுவார். ‘பிளாக்’ என்ற பொத்தானில் சுட்டியைக் கொண்டுபோய் வைத்து, ஒரு கணம் காத்திருந்து, அழுத்துவார். அந்த ஒரு கணத்தில்தான் ருசியெல்லாம் இருக்கிறது.

எல்லாத் தளமும் தானாக வந்து கேட்டுவிடாது. அதற்கும் வழி கண்டுபிடித்திருக்கிறார். அகராதித் தளம், வரைபடத் தளம், மொழிபெயர்ப்புத் தளம் என்று தினமும் புதிதாக ஒன்றைத் தேடிப் போய், அங்கே ஓரமாக இருக்கும் மைக் படத்தை இவரே அழுத்துவார். உடனே பெட்டி வந்து கேட்கும். இவர் மறுப்பார். கதவைத் தட்டச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தும் இந்தக் கலையை நான் வேறு யாரிடமும் கண்டதில்லை.

சிம்பாங் பூலாயில் எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், எனக்குப் பக்கத்து வீடு அவருடையது. வயது எழுபத்திரண்டு. ஆறடி உயரம். வீட்டிலும் வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் பேனா. முப்பத்தொரு வருடம் மாவட்ட அலுவலகம் ஒன்றில் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் பிரிவில் இருந்தார். பரிசீலனை என்றால் திருப்பி அனுப்புவது. ஓய்வு பெற்ற பிறகு அவரிடம் அனுமதி கேட்க ஆளில்லை. மனைவி சுவர்ணா கேட்பதை எப்போதோ நிறுத்திவிட்டார். பிள்ளைகள் பெர்த்தில் ஒருவர், சிங்கப்பூரில் ஒருவர், கேட்காமல்தான் போனார்கள். இந்த நிலையில் உலகத்திலேயே இன்னும் அவரிடம் “செய்யலாமா?” என்று கேட்பது அந்தச் சின்னப் பெட்டி ஒன்றுதான்.

காரணம் கேட்டால் கைவசம் வைத்திருக்கிறார்.

“தம்பி, நான் குறட்டை விடுறன் எண்டு சுவர்ணா குசினிக்குள்ள நிண்டு தங்கச்சியோட போன்ல கதைச்சவ. அடுத்த நாள் கம்ப்யூட்டரில குறட்டை நிக்க மூக்கில ஒட்டுற பட்டி விக்கிற விளம்பரம்! ஒட்டுக் கேக்கிறாங்கள். விளங்குதோ?”

சமையலறையிலிருந்து சுவர்ணா பதில் சொல்வார். “இந்த ரோட்டுக்கே கேக்கிற குறட்டை. அதுக்கு மைக் வேற வேணுமோ?”

இப்படி யாருக்கும் தீங்கில்லாமல் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் லாரிகள் வந்தன. மலைப் பக்கத்துக் கல்லுடைப்புக் குவாரி ஒன்று, பெரிய சாலையில் நெரிசல் என்று சொல்லி, எங்கள் தாமானுக்குப் பின்னால் உள்ள பழைய தோட்டப் பாதையைப் பயன்படுத்த நகர மன்றத்திடம் நிரந்தர அனுமதி கேட்டது. கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் ஓட்டவும் ஆரம்பித்தது. புழுதி படிந்து கொய்யா இலையெல்லாம் வெளுத்துப்போயிற்று. ஆட்சேபம் உள்ளவர்கள் வாய்மொழியாகச் சொல்லலாம் என்று மன்றம் இணையத்தில் ஒரு கூட்டம் வைத்தது. எங்கள் சார்பில் யார் பேசுவது என்ற கேள்விக்கே இடமில்லை. ஆட்சேபிப்பதில் முப்பத்தொரு வருட அனுபவம் உள்ளவர் எங்களிடம் இருந்தார்.

அவர் ஏழு பக்கம் தயாரித்தார். சுத்தமான மலாய். சட்டப் பிரிவுகள் எண்ணோடு இருந்தன. அதை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து வாசித்துக் காட்டியபோது, குவாரிக்காரர்கள் மேல் எனக்கே கொஞ்சம் இரக்கம் வந்தது.

புதன்கிழமை பத்தரை மணிக்குக் கூட்டம். மன்றத்து அதிகாரி ஓர் இளம் பெண்மணி. பெயர் சொல்லி அழைத்ததும் துரைசிங்கம் நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டார். எங்கள் திரைகளில் அவருடைய சட்டைப் பையும் பேனாவும் மட்டும் தெரிந்தன. பிறகு குனிந்து முகத்தைக் காட்டினார். வாய் அசைந்தது. சத்தம் இல்லை.

“என்சிக், உங்கள் குரல் வரவில்லை” என்று அதிகாரி மலாயில் மரியாதையாகச் சொன்னார்.

துரைசிங்கம் புன்னகைத்தார். நன்றாகத் தெரிந்த ஒரு பழைய நண்பரைச் சந்தையில் கண்டால் வரும் புன்னகை அது. பிறகு குரலை உயர்த்தினார். உயர்த்தியது எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் வீட்டு ஜன்னல் வழியாகக் கேட்டது. சட்டப் பிரிவு எண்கள்கூடத் தெளிவாகக் கேட்டன. எதிர்வீட்டு நாய் குரைத்தது. கணினியில் அதே மனிதர் மீனைப்போல வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். தெரு முழுக்க அந்தப் பேச்சைக் கேட்டது. கேட்க வேண்டிய ஒரே ஆளுக்குத்தான் கேட்கவில்லை.

நான் ஓடினேன். சுவர்ணா கதவைத் திறந்தார். “அறையை உள்ளால பூட்டிப்போட்டார் தம்பி. கூட்டம் முடியுமட்டும் ஒருத்தரும் வரக்கூடாதாம். எனக்கும் அனுமதி இல்லை.” கதவைத் தட்டினேன். உள்ளே முழக்கம் இன்னும் ஏறியது. கைபேசியில் அழைத்தேன். முக்கியமான கூட்டம் என்பதால் அதையும் அணைத்து வைத்திருந்தார்.

பதினொரு நிமிடம் பொறுத்த அதிகாரி, வேறு யாராவது உண்டா என்று கேட்டதாகப் பின்னால் சொன்னார்கள். நான் என் கணினிக்குத் திரும்பியபோது எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராகக் கேமராவை அணைத்துத் தங்கள் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கைபேசியின் படம் மட்டும் ஆடியது. உத்தரத்தைக் காட்டியது, மூக்கைக் காட்டியது, பிறகு காளியம்மாவைக் காட்டியது.

காளியம்மா பின்வரிசை மலிவு வீடுகளில் இருப்பவர். அந்த இடம் ரப்பர் தோட்டமாக இருந்தபோது மரம் சீவியவர். தோட்டத்தை விற்றபின் ஒன்பது வீட்டுத் துணிகளைத் துவைத்துத் தேய்த்துக் கொடுத்துப் பிழைக்கிறார். துரைசிங்கத்தின் வெள்ளைச் சட்டைகளும் அதில் அடக்கம். அவர் பேசிய சந்தை மலாயை என்னால் முடிந்தவரை அவருடைய தமிழில் தருகிறேன்; ‘புவான்’ என்பது அதிகாரியை ‘அம்மா’ என்று அழைப்பது:

“காலையில அஞ்சே முக்காலுக்கு மொத லோரி வரும் புவான். எட்டு மணிக்குள்ள முப்பத்தி நாலு. நா துணி காயப்போடுற நேரம், அதான் எண்ணிக்கிட்டே போடுவேன். வெள்ளச் சட்டையெல்லாம் சிமெண்டு கலருக்கு வந்துரும். மறுபடி துவைப்பேன். சட்டைய துவைச்சிரலாம். அங்கனயே ஸ்கூல் பஸ்ஸுக்கு நிக்கிற புள்ளைங்க நெஞ்சுக்குள்ள போனத யாரு துவைக்கிறது? அதுல ரெண்டு புள்ளைங்க இப்பவே பம்பு வச்சு மூச்சு…”

அங்கே டேட்டா தீர்ந்துவிட்டது. படம் அப்படியே உறைந்தது. வாய் பாதி திறந்திருந்தது. அதிகாரி ஏதோ எழுதிக்கொண்டார். இரண்டு வாரம் கழித்து அதே கிழமையில், நல்ல இணைப்போடு, இந்த அம்மாவை மீண்டும் கேட்கிறோம் என்று அறிவித்தார்.

கூட்டக் குறிப்பு வெள்ளிக்கிழமை வந்தது. துரைசிங்கம் அதை அச்செடுத்து, ஒரு வரியின் கீழ் சிவப்புக் கோடு போட்டு, என்னை வீட்டுக்கு அழைத்தார். ‘என்சிக் துரைசிங்கம் கலந்துகொண்டார். ஆட்சேபம் எதுவும் தெரிவிக்கவில்லை.’

“பதினொரு நிமிசம் கதைச்சனான் தம்பி! தெரிவிக்கவில்லையாம். இது சதி.”

“கேக்கலைன்னு அவங்க சொன்னாங்களே அங்கிள்?”

“அது எங்கட தந்திரம். விண்ணப்பப் பாரம் வரேல்லை, கையெழுத்து விளங்கேல்லை, கேக்கேல்லை. நானே எத்தினை பேருக்குச் சொல்லியிருக்கிறன். அதை எனக்கே காட்டப் பாக்கினம்!”

“மைக்குக்கு அனுமதி கொடுத்தீங்களா?”

“அண்டைக்கு அது கேக்கவே இல்லை. அரசாங்கத் தளம், அதுக்கென்ன அனுமதி?”

“கீழ மைக் படத்துல சிவப்புக் கோடு இருந்திருக்குமே?”

“இருந்தது. புகைபிடிக்கக்கூடாது எண்டு போடுற மாதிரி ஏதோ எண்டு விட்டன்.”

மன்றத்துத் தளத்தைத் திறந்தேன். முகவரிக்கு இடப்பக்கம் உள்ள சின்னக் குறியை அழுத்தினேன். மைக்குக்கு நேரே ‘தடுக்கப்பட்டது’ என்று இருந்தது. சரிபார்த்துக்கொள்ளுங்கள் என்று மன்றம் முந்தைய வாரமே ஓர் ஒத்திகை இணைப்பை அனுப்பியிருந்தது. அவர் அதைக் காலை ஒன்பது மணி அலுவலின் நடுவில் திறந்திருக்கிறார். பெட்டி வந்து கேட்டிருக்கிறது. தொண்டையைச் செருமியிருக்கிறார். அழுத்தியிருக்கிறார். ஒரு தளத்தை ஒருமுறை தடுத்துவிட்டால் பிறகு அது கேட்டுத் தொந்தரவு செய்யாது. தடை தடையாகவே இருக்கும் என்று விளக்கினேன். தடுத்த தளங்களின் பட்டியலையும் காட்டினேன். அறுபத்து மூன்று இருந்தன. எந்தப் பதிவேட்டையும் இவ்வளவு ஒழுங்காக அவர் அலுவலகத்தில்கூட வைத்திருக்க மாட்டார்.

அவர் பட்டியலை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை உருட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“இது வேற ஆருக்கும் தெரியுமோ?”

“இல்ல அங்கிள்.”

“எனக்குத் தெரியும்” என்றது சமையலறை.

மூன்று நாள் அவர் கணினியைத் திறக்கவில்லை. ஒன்பது மணிக்கு வாசலில் வந்து நின்று, குவாரிப் பக்கம் பார்த்துவிட்டு உள்ளே போவார். முன்பெல்லாம் விடிவதற்குள் வரிசையாகப் போகும் லாரிகளின் சத்தத்துக்குத் திட்டிக்கொண்டே எழுபவர், இப்போது திட்டவும் இல்லை. நான்காம் நாள் சட்டையை மாற்றிக்கொண்டு நடந்து எங்கேயோ போனார். எங்கே என்று காளியம்மா துணி எடுக்க வந்தபோது சொல்லித்தான் தெரிந்தது.

“ஐயா எங்க வீட்டுக்கு வந்தாரு தம்பி! பதினோரு வருசமா துவைக்கிறேன், ஒருநா அந்தப் பக்கம் வந்தவரில்ல. காலர்ல கறைன்னு திட்டத்தான் வந்துட்டாருன்னு நெனைச்சேன். ‘புதன்கிழமை எங்கட வீட்டுக் கம்ப்யூட்டரில வந்து கதையுங்கோ’ங்கறாரு. வாங்கோ, இருங்கோன்னு மரியாதை வேற. ஈரக் கையத் தொடச்சிட்டு சரிங்க ஐயான்னுட்டேன் லா.”

முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். காலை எட்டு மணிக்கு முன்னால் அந்தப் பாதையில் லாரி ஓடக்கூடாது, தார்ப்பாய் மூடாமல் ஓடவே கூடாது என்று மன்றம் உத்தரவு போட்டது. தார்ப்பாயைப் பாதி நாள் மறந்துவிடுகிறார்கள். நேரம் மட்டும் இன்றுவரை நிற்கிறது. பிள்ளைகள் பஸ் ஏறிப் போன பிறகுதான் புழுதி கிளம்புகிறது. துரைசிங்கம் இதைக் கோயிலில் பார்ப்பவர்களிடமெல்லாம் ‘நாங்கள் போட்ட ஆட்சேபம்’ என்கிறார். அவர் ‘நாங்கள்’ என்று சொல்வது எனக்குத் தெரிந்து இதுவே முதல் தடவை.

அந்த இரண்டாவது புதன்கிழமை நானும் அந்த அறையில் இருந்தேன். இம்முறை அவர் கதவைப் பூட்டவில்லை. தடையை நீக்கிப் பக்கத்தைப் புதிதாகத் திறந்ததும் பெட்டி வந்து கேட்டது. அவர் வாசித்தார். ‘இந்த முறை மட்டும்’ என்ற அனுமதியைத் தேர்ந்தெடுத்து அழுத்தினார். ஓர் அளவுக்குமேல் மனிதன் மாற முடியாது அல்லவா?

காளியம்மா அவருடைய நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து மேசையைப் பிடித்துக்கொண்டிருந்தார். துரைசிங்கம் கடைசி நேர ஆலோசனைகளை வழங்கினார். முதலில் வணக்கம் சொல்லவேணும், பிறகு முகவரி, பிறகு சுருக்கமாக விசயம், கையை ஆட்டக்கூடாது. ஒவ்வொன்றுக்கும் காளியம்மா “சரிங்க ஐயா” என்றார். ஒவ்வொரு ‘சரிங்க’வும் முந்தியதைவிடச் சின்னதாக வந்தது. அதிகாரி திரையில் தோன்றி, “சிலாகான், புவான் காளியம்மா” என்று பேச அழைத்தபோது மைக் திறந்திருந்தது, கோடு எதுவும் இல்லை, குரல்தான் இல்லை.

அதிகாரி காத்திருந்தார். சுவர்ணா தேநீர்த் தட்டோடு வாசலிலேயே நின்றார். துரைசிங்கம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு அவருடைய பார்வை கீழே இறங்கியது. ஆறடி ஆளுக்கு ஏற்றி வைத்திருந்த நாற்காலியிலிருந்து காளியம்மாவின் கால்கள் தொங்கிக்கொண்டிருந்தன. பெருவிரல்கள் தரையைத் தேடிக்கொண்டிருந்தன.

மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு துரைசிங்கம் முதலில் ஒரு முழங்காலை மடக்கினார். பிறகு மற்றதை. காளியம்மா பதறி எழப்போனார். அவர் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். நாற்காலிக்கு அடியில் தடவி, அங்கிருந்த நெம்புகோலைக் கண்டுபிடித்து இழுத்தார். நாற்காலி பெருமூச்சு விட்டு இறங்கியது. இரண்டு பாதங்களும் முழுதாகத் தரையில் பதிந்தன.

“காலையில அஞ்சே முக்காலுக்கு மொத லோரி வரும் புவான்” என்று தொடங்கினார் காளியம்மா.

துரைசிங்கம் எழுந்திருக்கவில்லை. கேமராவில் தலை தெரியாதபடி அங்கேயே மண்டியிட்டு, உள்ளங்கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டார்.